கடைசிப் பெட்டி திரும்பி வந்தால்?

நம் ஊர் கூட்ஸ் வண்டிகளின் வாலில் 'கார்டு' பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'கபூஸ்'. உள்ளே அடுப்பு, படுக்கை, மேஜை. பலவற்றில் கூரைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஒருவர் உட்கார்ந்து, எந்தச் சக்கரத்திலாவது புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்.

1980-களில் கபூசைக் கழற்றத் தொடங்கினார்கள். பதிலுக்கு வாலில் ஒரு சின்னக் கருவி. பிரேக்கின் காற்றழுத்தத்தை டிரைவருக்கு ரேடியோவில் சொல்லும். சம்பளம் கேட்காது! ஆனால் புகை அதன் கண்ணில் படாது.

சக்கரத்தின் சூட்டை அளக்கத் தண்டவாளத்தின் ஓரத்தில் கருவிகள் உண்டு. 2023 பிப்ரவரி 3-ந் தேதி இரவு. ஒகையோ மாநிலத்தில் ஒரு கூட்ஸ் வண்டியின் 'பேரிங்' காய்ந்தது. ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மைல்! அடுத்த கருவி எச்சரித்தபோது நேரம் கடந்துவிட்டது. ஈஸ்ட் பாலஸ்டீன் ஊரருகே 38 பெட்டிகள் தடம் புரண்டன. சிலவற்றில் நச்சு ரசாயனம். மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள்.

இன்று கபூஸ் செய்தால் எப்படி இருக்கும்? கூண்டு உதவாது. அந்த வண்டி ஒன்றரை மைலுக்கும் அதிக நீளம். முன்பெட்டிகள் கண்ணுக்கு எட்டுமா? ஒவ்வொரு பேரிங்கிலும் சூடுமானி வேண்டும். வளைவுகளைப் பார்க்க இருபுறமும் கேமரா. எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். திரைக்கு முன்னால், தூங்காத ஒரு மனிதர். அவருக்குக் காப்பி போட அந்தப் பழைய அடுப்பும் இருக்கட்டுமே!