இருளும் ஒரு செல்வமே

பாலைவனத்தில் குளிர்கால இரவைக் கழித்து, பகலில் பறவைகளையும் இரவில் விண்மீன்களையும் படம்பிடிக்கும் ஆர்வம் இன்று உலகெங்கும் பெருகி வருகிறது. நம் மண்ணில் பாலைவனம் இல்லை. ஆயினும், வல்வெட்டித்துறையிலிருந்து சிறிது தொலைவில், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, மணற்காடு இருக்கிறது. மணல் மேடுகளும் சவுக்கு மரங்களும், மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் எச்சங்களும் கொண்ட அந்நிலம் பாலையின் சிறு சாயல் எனலாம்.

அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இக்களப்புக்கு, மத்திய ஆசிய வான்வழியாக ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் வந்து சேர்கின்றன. பூநாரைகளையும் காணலாம்.

வானைக் காண ஏற்ற காலம் எது? வடகீழ்ப் பருவமழை டிசம்பர் வரை வானை மூடியிருக்கும். எனவே ஜனவரி இறுதி முதல் மார்ச் வரையிலான நிலவற்ற இரவுகளே உகந்தவை. பிறை பார்த்து மாதத்தைக் கணிப்போர் இந்நாட்களை எளிதில் அறிவர்.

வல்வெட்டித்துறைக் கரை வடக்கு நோக்கியது. கையை நீட்டி முட்டியை மடக்கினால், கடலுக்கு மேலே ஏறத்தாழ ஒரு முட்டி உயரத்தில், சுமார் 10 பாகையில், துருவ மீன் தெரியும். இரங்கூனில் அது 17 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வேறுபாட்டைக் கொண்டே பாய்மரக் காலத்து மாலுமிகள் தாம் எவ்வளவு தெற்கே வந்துள்ளோம் என்பதை மதிப்பிட முடிந்தது. இவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது, அக்கடலோடி மரபின் பெருமை. தென்திசையில் ஒளிரும் அகத்திய மீனை அரபு மாலுமிகள் சுஹைல் என்றனர். மொழி வேறாயினும் வழிகாட்டிய மீன் ஒன்றே.

படமெடுக்க முக்காலியும் அகலக் கோண வில்லையும் போதும். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், விண்மீன்கள் புள்ளிகளாகப் பதிய 24 மில்லிமீற்றர் வில்லையில் ஏறத்தாழ 20 விநாடிக்கு மேல் திறந்து வைக்கலாகாது. பல படங்களைத் தொடர்ந்து எடுத்து இணைத்தால், துருவ மீனைச் சுற்றி ஏனைய மீன்கள் வரையும் வட்டங்கள் கிட்டும்.

எனினும், இவை யாவும் இருள் இருந்தாலன்றி இயலா. மேல்நோக்கிச் சிதறும் மின்னொளி விண்மீன்களை மறைப்பதோடு, இரவில் பறக்கும் வலசைப் பறவைகளைத் திசைதடுமாறச் செய்கிறது. கடலாமைக் குஞ்சுகளை நிலத்தை நோக்கி இழுக்கிறது. மறுபுறம், சட்டவிரோத மணல் அகழ்வு மேடுகளையே தின்கிறது. 2004 ஆழிப்பேரலையின் சீற்றத்தைக் கண்ட கரைக்கு அம்மேடுகள் வெறும் மணலல்ல, அரண்.

லடாக்கின் குளிர்ப் பாலைவனமான ஹன்லே 2022 இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு விளக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன; கிராமத்தவரே வானியல் பயிற்சி பெற்று விருந்தினருக்கு வழிகாட்டிகளாயினர். வடமராட்சியிலும் இது இயலாததன்று. வீதி விளக்குகளுக்கு மேல்மூடி இடுவதும், அகழ்வைத் தடுப்பதும், ஊர் இளைஞரைப் பயிற்றுவிப்பதும் பெருஞ்செலவு கோருவனவல்ல.

போர்க்காலத்தில் இந்தக் கரையில் இருள் அச்சத்தின் மறுபெயராக இருந்தது. 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளாவது அச்சமின்றி அதே இருளில் நின்று வானைப் பார்க்கட்டும். அதற்கு முதலில், இருளைக் காக்க வேண்டும்.