வீட்டிலேயே பீர் காய்ச்சப் போறீங்களா? பாட்டில் பத்திரம்!

'வீட்டுலயே பீர், ரொம்ப ஈஸி' என்று ஒரு ரீல்ஸ் பார்த்துட்டு, ஈஸ்ட் ஆர்டர் போடக் கிளம்பிட்டீங்களா? கொஞ்சம் நில்லுங்க. நீங்க இருக்கிறது தமிழ்நாடு என்றால், 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'விற்கலை சார், எனக்கு மட்டும்தான்' என்பதெல்லாம் எடுபடாது. பிரிட்டனில் 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம் வழிவிட்டது. ஆகவே, இனி வருவது அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் வயது வந்த நண்பர்களுக்கு.

அடிப்படை, நம்ம இட்லி மாவு புளிக்கிற சங்கதிதான். மால்ட் சாற்றைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் தரும். ஆனால், இட்லி மாவில் காற்றிலும் உளுந்திலும் இருக்கிற எல்லா நுண்ணுயிரிக்கும் விருந்து உண்டு. இங்கே ஈஸ்ட்டுக்கு மட்டும்தான் அழைப்பு. ஆறிய பிறகு படுகிற கரண்டி, மூடி, குழாய் எல்லாமே சானிட்டைசரில் நனைந்திருக்கணும். 'ஏல்' வகைக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வசதி. அதிகச் சூடானால் வாசனை கெடும்.

"கண்ணு போயிடாதா?" என்ற பயம் நமக்கு இயல்பு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். பீரை வடிப்பதில்லை, வெறுமனே புளிக்கவைப்பதுதான். அதனால் அந்தக் கதை இதில் இல்லை.

உண்மையான ஆபத்து பாட்டில்தான். குமிழி நின்றதுமே 'முடிஞ்சுது' என்று அடைத்துவிடுவார்கள். உள்ளே சர்க்கரை மிச்சமிருந்தால் ஈஸ்ட் வேலையைத் தொடரும், அழுத்தம் ஏறும், கண்ணாடி வெடிக்கும். முகத்துக்கு நேராக வெடித்தால் என்னாகும்னு யோசிச்சுக்கோங்க. ஹைட்ரோமீட்டர் வாங்கறதுல கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் அளவு மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை 19 லிட்டருக்குச் சுமார் 120 கிராம். 'இன்னும் கொஞ்சம்' கூடாது. ஜாம் பாட்டில் வேண்டவே வேண்டாம், தடித்த பீர் பாட்டில்தான்.

அடைத்ததை மூடிய அட்டைப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்க. முதல் பாட்டிலை சிங்க் மேலே பிடித்துத் திறங்க, ஹாலில் வேண்டாம்.