பல் பிடுங்கப் போனால் பிரஷர், சுகர் ஏன் கேட்கிறார்கள்?

சனிக்கிழமை சம்பளம் வாங்கியாச்சு. ரெண்டு வாரமா பல்வலி. ஞாயிற்றுக்கிழமை விட்டா நேரம் கிடைக்காது என்று பல் மருத்துவரிடம் போய் உட்காருகிறீர்கள். அவரோ வாயைப் பார்ப்பதற்கு முன்பே, "பிரஷர் இருக்கா? சுகர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்கிறார். 'இருக்குன்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, இன்னொரு நாள் கூலி போயிடும்' என்று நினைத்து "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்களின் இந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அந்த ஒரு பொய், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பல் டாக்டர் பொது மருத்துவமும் படித்தவர்

பி.டி.எஸ். படிப்பு 5 ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணி. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம், பொது அறுவை சிகிச்சை இரண்டும் கட்டாயப் பாடங்கள். மேற்படிப்பான எம்.டி.எஸ்.-க்கான நீட் நுழைவுத் தேர்விலும் பொது மருத்துவக் கேள்விகள் வருகின்றன. மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பதில்கள் எல்லாம் நாளைக்கு உங்கள் பல்லுக்குப் பயன்படப் போகிறவை. முக்கியமான சிலவற்றை நீங்களும் தெரிஞ்சுக்கோங்க.

சுகர்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும், ஈறு நோயும் கூடும். ஈறு நோய் கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். "பல் பிடுங்கப் போறோமே" என்று வெறும் வயிற்றில் போகாதீர்கள். மாத்திரை அல்லது ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் பல் எடுப்பார்கள். எனவே டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், காலையில் சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

பிரஷர்: அளவு 180/110-ஐத் தொட்டால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். முதலில் பிரஷரைக் குறைத்தாக வேண்டும். இன்னொன்று: பிரஷருக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அப்படி இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து கொடுப்பார்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை: மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுவார்கள். பல்லுக்காக இதை நீங்களே நிறுத்தினால் மறுபடியும் மாரடைப்பு வரும் அபாயம் உண்டு. பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே பல் எடுப்பார்கள்.

இதய வால்வு: செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்குப் பல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய்த் தங்கலாம். அதைத் தடுக்க, 30 முதல் 60 நிமிடம் முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எலும்புத் தேய்மான மாத்திரை: அலென்ட்ரோனேட் போன்ற மருந்து சாப்பிடும் சிலருக்குப் பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வீட்டில் வயதான அம்மாவை அழைத்துப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

எல்லாத் தாடை வலியும் பல்வலி அல்ல

மாடிப்படி ஏறும்போதோ பேல் தூக்கும்போதோ கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறதா? அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். உடனே இதயப் பரிசோதனைக்குப் போங்கள். கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

உங்கள் போனிலேயே தயார் செய்யுங்கள்

- சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கடைசி மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாத்திரைப் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் படத்தைக் காட்டினால் போதும்.
- 14 இலக்க ஆபா எண் உருவாக்கிக்கொண்டால், பரிசோதனை முடிவுகளைப் போனிலேயே சேர்த்து வைக்கலாம்.
- பிரஷர், சுகர் இருக்கா என்றே தெரியாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.
- ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.
- சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பி.டி.எஸ். முடித்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாரா? மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் சொல்லிவிட்டால் அந்தப் பாடம் அவருக்கு மறக்காது.

அடுத்த முறை பல் டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், போனை எடுத்துக் காட்டுங்கள். ஒரு நாள் கூலி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.