உறைந்தும் உயிர்விடாத அணு

17 வயதில் விரைப் புற்றுநோய் வந்த ஓர் இளைஞரின் விந்தணுக்களைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்து உறையவைத்தார்கள். 21 ஆண்டுகள் கழித்து அதே விந்தணுவால் அவருக்குக் குழந்தை பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர்கள் 2004-இல் ஆய்விதழில் பதிவுசெய்த செய்தி இது.

உயிரணு உறையும்போது அதைக் கொல்வது குளிர் மட்டுமல்ல. சுற்றியுள்ள நீர் முதலில் பனியாகும். உறையாமல் மிஞ்சிய நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு நீர் அணுவுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துச் சுருக்கிவிடும். அவசரப்பட்டு வேகமாகக் குளிர வைத்தாலோ, அணுவுக்குள்ளேயே பனிப்படிகங்கள் முளைத்து அதன் சவ்வைக் கிழிக்கும்.

இதற்கு வழி கிடைத்தது ஒரு லேபிள் குழப்பத்தால்தான். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் பழச்சர்க்கரைக் கரைசல் சேர்த்துச் சேவலின் விந்தை உறையவைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, குளிரறையில் கிடந்த பழைய புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது, உருக்கிய விந்தணுக்கள் நீந்தத் தொடங்கின. புதிதாகக் கலக்கிய சர்க்கரைக் கரைசலிலோ ஒன்றும் அசையவில்லை. புட்டியின் அடியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தைப் பகுத்தாய்ந்தபோது, லேபிளில் சொன்ன சர்க்கரையே அதில் இல்லை. சினிமாவில் கண்ணீர் வரவழைக்கும் அதே கிளிசரினும் கொஞ்சம் புரதமும்தான் இருந்தன. தவறி நடந்தது என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தோண்டிப் பார்த்த அந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1949-இல் முடிவு வெளியானது. 1953-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் பங்கும் ஜெரோம் ஷெர்மனும் மனித விந்தணுவை உறையவைத்து, உருக்கி, கரு உண்டாக்கிக் காட்டினார்கள்.

இன்றைய ஆய்வகத்திலும் அடிப்படை அதுதான். விந்து நீர்த்துப்போக அரை மணி நேரம்போல விடுகிறார்கள். கிளிசரின் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மெல்லிய குழல்களில் அடைக்கிறார்கள். முதலில் திரவ நைட்ரஜனின் ஆவியில் காட்டி, பிறகு அதற்குள்ளேயே அமிழ்த்துகிறார்கள். அங்கே வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் வேதிவினைகள் அநேகமாக நின்றுவிடுவதால் அணுவுக்கு வயதாவதில்லை. நைட்ரஜன் ஆவியாகிக் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் காவல் வேலை. நம் ஊர்களில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் கலனும் இதே ஏற்பாடுதான்.

உருக்கும்போது ஏறக்குறையப் பாதி அணுக்கள் ஓய்ந்துவிடும். ஆனாலும் கவலையில்லை. கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் செலுத்தும் முறையில் முதல் குழந்தைகள் 1992-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தன. அதன்பின் மிகக் குறைவான அணுக்கள் பிழைத்தாலும் வழி உண்டு.

புற்றுநோய்க்குத் தரும் கீமோதெரபி, வேகமாகப் பிரியும் அணுக்களைத் தேடி அடிக்கிறது. விந்தணுவை உருவாக்கும் அணுக்களும் ஓயாமல் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. சிலருக்கு மீண்டு வரும், சிலருக்கு வராது. யாருக்கு எது என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் முதல் மருந்து ஏறும் முன்பே விந்தைச் சேமிக்க வேண்டும். பிள்ளையின் உயிரே கேள்வியாக நிற்கும் நேரத்தில் பெற்றோருக்கு இது தோன்றாது, தோன்றினாலும் வாய்விட்டுக் கேட்கக் கூசுவார்கள். ஆகவே பேச்சை எடுக்க வேண்டியவர் மருத்துவரே. விந்தைக் கொடுக்க ஓரிரு நாள் போதும். பெரும்பாலும் சிகிச்சை தள்ளிப்போகாது.

பருவம் எய்தாத சிறுவனிடம் சேமிக்க விந்தணுவே இருக்காது. அவனுக்காக ஆய்வாளர்கள் விரைத் திசுவின் ஒரு துணுக்கையே உறையவைக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கைல் ஆர்விக் குழு, இளம் ரீசஸ் குரங்குகளிடமிருந்து எடுத்து உறையவைத்த திசுவை, பின்னர் அவற்றின் தோலுக்கடியிலேயே பதித்தது. அவை வளர்ந்து பருவமடைந்தபோது அந்தத் துணுக்குகளில் விந்தணு விளைந்தது. அந்த விந்தணுவால் பிறந்த பெண்குட்டிக்கு கிரேடி என்று பெயர். 2019-இல் உலகுக்கு அறிவித்தார்கள். புற்றுநோயிலிருந்து மீண்ட சிறுவர்களின் திசுத் துணுக்குகளும் பல மருத்துவமனைகளின் நைட்ரஜன் கலன்களில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கின்றன.