ஒரே ஓட்டு: இங்கேயும் அங்கேயும்

1999 ஏப்ரல் 17-ம் தேதி மக்களவையின் மின்னணுப் பலகை காட்டிய கணக்கு இது: ஆதரவு 269, எதிர்ப்பு 270. பதின்மூன்று மாதம் ஆண்ட வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அந்த ஓட்டு யாருடையது? ஒரிஸ்ஸா முதல்வராகி இரண்டு மாதமாகியும் எம்.பி. பதவியைத் துறக்காமல் வந்து வாக்களித்த கிரிதர் கமாங்குடையதா? தேசிய மாநாட்டுக் கட்சியின் கட்டளையை மீறிய சைபுதீன் சோஸுடையதா? மூன்று நாள் முன்பு 18 எம்.பி.க்களுடன் விலகிய அ.தி.மு.க.வை யாரும் மறந்துவிடவில்லை.

பிரிட்டனைப் போல இரண்டே கட்சி இருந்தால் இந்தக் கூத்து ஏது என்று அலுத்துக்கொள்பவர்கள் அநேகம். ஆனால் 1979 மார்ச் 28 அன்று லண்டனிலும் இதே கூத்து நடந்தது. 311-310 என்று ஜேம்ஸ் கல்லகனின் தொழிற்கட்சி அரசு கவிழ்ந்தது. அங்கேயும் ஒரு பிராந்தியக் கட்சிதான். தனிப் பேரவை கைநழுவிய கோபத்தில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. சாகக் கிடந்த தொழிற்கட்சி எம்.பி. ஆல்ஃபிரட் பிராட்டனை ஆம்புலன்சில் அழைத்துவரவில்லை. சில நாளில் அவர் இறந்தார்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அடுத்து வந்த மார்கரெட் தாட்சருக்குக் கூட்டாளியே தேவைப்படவில்லை. 1983-ல் லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணி 25.4 சதவீத ஓட்டு வாங்கியும் 23 இடம்தான், 27.6 சதவீதம் வாங்கிய தொழிற்கட்சிக்கோ 209. ஏழை பணக்காரர் பேதமின்றித் தலைக்கு இவ்வளவு என்ற வரியைத் தாட்சர் கொண்டுவந்தபோது தடுக்க வெளியே ஆளில்லை. தெருவில் கலவரம் வெடித்தது. 1990-ல் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் பதவி விலக வைத்தார்கள். பேரம் அங்கேயும் உண்டு, கட்சிக் கதவுக்குள். ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம் வர 1999 ஆயிற்று.

இங்கே பேரம் நடுத்தெருவில் நடக்கிறது. தி.மு.க. ஆட்சியைக் கலைக்கச் சொல்லி அ.தி.மு.க. நெருக்கியது அதன் அசிங்கமான முகம். ஆனால் ராமர் கோயில், 370-வது பிரிவு, பொது சிவில் சட்டம் மூன்றையும் 1998-ல் பா.ஜ.க. ஒதுக்கி வைத்ததும் தோழமைக் கட்சிகளை முன்னிட்டுத்தான். 1999 தேர்தலுக்குப் பின் இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகளோடு (அதே தி.மு.க.வும் சேர்த்தி!) 2004 வரை ஓடிய ஆட்சியிலும் அந்த மூன்றும் கிடப்பில்தான் கிடந்தன. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டது 2019-ல். அப்போது பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 303 இடங்கள். அது சரியா தவறா என்பது வேறு வழக்கு. கூட்டணிக் காலத்தில் அது நடக்கவில்லை என்பது பதிவு.

2024-ல் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது 240. தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் தயவு காட்ட வேண்டியிருந்தது. ஜூலை பட்ஜெட்டில் ஆந்திரத் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் திரட்டித் தருவதாகவும், பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி என்றும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவையிலேயே வாசித்தார். மற்ற மாநில எம்.பி.க்கள் கூச்சல் போட்டார்கள். தொகை தெரிந்ததால்தான் கூச்சலும் போட முடிந்தது.