பெடல் உறுமினால் அனல் நிலையத்தைத் திட்டாதீர்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் வீட்டிலேயே ஃபஸ் பெடல் செய்து, அது கிட்டாரைவிடச் சத்தமாக உறுமினால், பழி முதலில் அனல் மின் நிலையத்தின் மேல்தான் விழும். சோவியத் உதவியுடன் 1962-ல் உற்பத்தி தொடங்கிய முதல் அனல் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. உறுமல் மட்டும் போகவில்லை. 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்கட்டமைப்பு மற்ற பகுதிகளோடு இணைந்தபின், காஷ்மீர் வரை ஓடுவது ஒரே 50 ஹெர்ட்ஸ்தான். காரணம் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது.

பெடலைத் திறக்கும் முன் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் வாங்கும் சத்தம். ஃபஸ் அதைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கரகரப்பு அங்கேயே பாதி அடங்கிவிடும்.

கிட்டார் அமைதி, பெடல் வந்தால்தான் சத்தம் என்றால், அடாப்டரை எடுத்துவிட்டு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை. சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய அடாப்டரின் உறுமல் 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்று மேலே கேட்கும். ஸ்விட்ச்சிங் அடாப்டர் என்றால் மெல்லிய கீச்சொலி. மின்சாரம் உள்ளே வரும் கம்பியில் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் அந்த 100 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். ஓரிரு மில்லி ஆம்பியர் இழுக்கும் ஃபஸ்ஸுக்கு இது போதும். 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் டிஜிட்டல் டிலேக்கு வேண்டாம். அந்த ரெசிஸ்டரிலேயே 5 வோல்ட் போய்விடும். ஒரே அடாப்டரில் பல பெடல்களைக் கோத்திருந்தால், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

பேட்டரியிலும் உறுமினால் பெட்டியைப் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா எதையும் தடுக்காது. அலுமினியப் பெட்டி நல்லது. பிஸ்கட் தகர டப்பாவும் ஆகும். ஆனால் பெட்டி கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிப்பக்க இணைப்பிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். பெயின்ட் அடித்த பெட்டியில் ஜாக் உட்காரும் இடத்தைச் சுரண்டுங்கள். உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் ஒட்டிக் கிடந்தால் பெடல் விசிலடிக்கும். பிரித்து வையுங்கள், உள்வரும் வயரை ஷீல்டு வயராக மாற்றுங்கள்.

இன்னும் அடங்கவில்லையா? கிட்டாரைக் கழற்றி, உள்ளீட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். பழைய கேபிள் ஒன்றை ஆம்ப்பில் செருகி, அதன் வெளி வலையைப் பெடலின் கிரவுண்டில் இணையுங்கள், நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் பற்றவைத்து, அதன் மறுகாலால் போர்டில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் கேளுங்கள். வெளியீட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சத்தம் எந்தக் கட்டத்துக்கு முன்னால் இல்லையோ, கோளாறு அந்தக் கட்டத்தில். பெரும்பாலும் சரியாக உருகாத ஈயம்தான் கிடைக்கும்.

நாப் திருப்பும்போது கரகரத்தால் அதன் தடத்தில் அழுக்கு, அல்லது முன்னால் உள்ள கெபாசிட்டர் கசிகிறது. வானொலிப் பேச்சு கேட்டால் உள்ளீட்டில் தொடராக 1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட். கார்பன் ரெசிஸ்டர்களை மெட்டல் ஃபிலிமாக மாற்றினால் சீறல் குறையும். ஃபஸ்ஸில் கொஞ்சம் சீறல் மிஞ்சத்தான் செய்யும், அதோடு வாழலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் உறுமல் நிற்கலாம். ஆம்ப்பில் கோளாறு வந்தால் கிட்டார் கம்பியிலேயே 230 வோல்ட் ஏறும். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.