ஒரு பேரிங் சூடானால்

சரக்கு ரயில் தடம் புரண்டது என்றதும் நம் சந்தேகம் முதலில் தண்டவாளத்தின் மேல்தான் விழும். விரிசல் விட்டதா, வெயிலில் நெளிந்ததா என்று கேட்போம். பல விபத்துகளில் அதுதான் காரணமும்கூட. ஆனால் சில சமயம் வினை சக்கரத்தோடு சேர்ந்தே ஓடிவரும். 2023 பிப்ரவரி 3 அன்று இரவு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் 38 பெட்டிகள் தடம் புரண்டதற்குக் காரணம் ஒரே ஒரு பேரிங்.

ரயில் சக்கர அச்சின் இரு முனைகளிலும் பேரிங் உண்டு. மூடிய கூட்டுக்குள் கிரீஸில் ஊறிய உருளைகள் சுழன்றுகொண்டே பல டன் பாரத்தைத் தாங்குகின்றன. கிரீஸ் கெட்டாலோ உருளை தேய்ந்தாலோ, சுழல வேண்டியது உரச ஆரம்பிக்கும். சூட்டில் மிச்சமிருக்கும் கிரீஸும் தீய்ந்துபோகும். கடைசியில் அச்சின் முனையே பழுக்கக் காய்ந்து, இளகி, அறுந்துவிடும்.

இதை முன்கூட்டியே பிடிக்க, தண்டவாள ஓரத்தில் அகச்சிவப்பு உணரிகளைப் பதிக்கிறார்கள். கடந்துபோகும் ஒவ்வொரு பேரிங்கும் வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடு என்று அவை அளந்து சொல்லும். நம் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் கொடியோடு நிற்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. ‘ஹாட் ஆக்சில்’, அதாவது சூடேறிய அச்சு, இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

ஈஸ்ட் பாலஸ்டைன் விபத்தன்று முதல் உணரி காட்டியது 21 டிகிரி செல்சியஸ் கூடுதல். சுமார் 17 கிலோமீட்டர் தாண்டி, சேலம் அருகே (ஒஹாயோவிலும் ஒரு சேலம் இருக்கிறது!) 57 டிகிரி. ரயிலை நிறுத்தச் சொல்லும் வரம்பு 94 என்பதால் ஓட்டுநருக்குத் தகவல் போகவில்லை. அந்தப் பகுதிக் கண்காணிப்பு கேமராவிலோ பெட்டிக்கு அடியில் நெருப்பே பதிவாகியிருந்தது! அடுத்த உணரி இருந்தது சுமார் 31 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே 141 டிகிரி. அலாரம் அடித்து ரயில் நிற்பதற்குள் அச்சு அறுந்துவிட்டது.

கவிழ்ந்தவற்றில் ஐந்து டேங்கர்களில் வினைல் குளோரைடு என்ற ரசாயனம் இருந்தது. வெடித்துவிடும் என்று பயந்து மூன்றாம் நாள் அதை வேண்டுமென்றே எரித்தார்கள். அப்படி எரித்திருக்கவே வேண்டாம் என்றது 2024இல் வந்த விசாரணை முடிவு.

விபத்துக்குப் பிறகு, முக்கியத் தடங்களில் உணரிகளை சராசரியாக 24 கிலோமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வைப்பதாக அமெரிக்க ரயில் நிறுவனங்கள் அறிவித்தன. ரயிலை நிறுத்துவதற்கு எல்லாருக்கும் பொதுவாக வைத்த வரம்பு அதே 94 டிகிரி. சேலத்தில் பதிவான 57 இன்றைக்கும் அதற்குக் கீழேதான். ஆகவே ஒரு தடவை அளந்த சூட்டை மட்டும் நம்பிப் பயனில்லை. உணரிக்கு உணரி அது எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.